பீடத்தை விட்டிறங்கிய சிற்பம்

சிற்பம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? பீடத்தின்மேல் நிற்கும் கல்லுருவம், அன்றேல் வெண்கலத் திருமேனி. அண்ணாந்து நோக்குதற்குரியது அது. 1960ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தானியச் சிற்பிகள் சிலர் இவ்வெண்ணத்தையே ஐயுற்றனர்.

அவர்களுக்கு வழிதிறந்தவர் அன்ரனி காரோ. ஹென்றி மூரிடம் உதவியாளராகப் பணியாற்றிய அவர், இலண்டன் சென் மார்ட்டின் கலைக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். 1959இல் அமெரிக்கா சென்று மீண்டபின், களிமண்ணையும் மனித உருவத்தையும் கைவிட்டு, உருக்குத் தகடுகளையும் உத்திரங்களையும் பற்றவைத்துச் சிற்பம் அமைக்கலானார்.

1962இல் அவர் இயற்றிய 'ஒருநாள் அதிகாலை' என்னும் சிற்பம் 6 மீற்றருக்கு மேல் நீளமுடையது. பீடமின்றி, நாம் நிற்கும் தரையிலேயே அது நிற்கின்றது. ஒரு முனையில் நின்று நோக்கின், தட்டையான சித்திரம்போல் ஒடுங்குகின்றது. பக்கமாக நடந்து செல்லின், நீண்டு விரிகின்றது. முதலிற் பச்சை வண்ணம் பூசப்பெற்ற அதனை, ஓவியரான அவர் மனைவி ஷீலா கேர்லிங்கின் யோசனைப்படி சிவப்பாக்கினர். அவ்வண்ணத்தால் இரும்பின் பாரம் நம் நினைவினின்றும் அகலுகின்றது.

'இஃது எதனைக் குறிக்கின்றது?' என்று கேட்போர் உளர். நாதஸ்வர ஆலாபனையிற் சொற்கள் இல்லை. ஆயினும் உள்ளம் உருகுகின்றோமன்றோ? ஏற்றமும் இறக்கமும் இடைவெளியுமே அங்குப் பொருளாகின்றன. இச்சிற்பங்களும் அத்தகையனவே.

காரோவிடம் பயின்ற பிலிப் கிங், வில்லியம் ரக்கர், ரிம் ஸ்கொற் முதலியோர் ஆசிரியரைப் பின்பற்றி இரும்போடு நின்றுவிடவில்லை. கண்ணாடியிழை, பிளாஸ்ரிக் போன்ற புதுப்பொருள்களை நாடினர். கிங் 1962இல் ஆக்கிய 'ரோசா மொட்டு' இளஞ்சிவப்பு நிறமான ஒரு கூம்பு. அதன் பிளவினூடே உள்ளிருக்கும் பச்சை தெரியும். 1965இல் வைற்சப்பல் கலைக்கூடத்தில் நடைபெற்ற 'புதிய தலைமுறை' என்னும் கண்காட்சி இவர்களைப் பலரறியச் செய்தது.

காலம் அத்துடன் நின்றதா? இல்லை. அதே கல்லூரி மாணவரான றிச்சட் லோங், 1967இல் புல்வெளியொன்றில் முன்னும் பின்னும் நடந்து, புல் மடிந்துண்டான கோட்டினையே தம் படைப்பு என்றார். இரும்பும் வண்ணமுங்கூட அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

காரோ 2013இலும் கிங் 2021இலும் மறைந்தனர். அன்று புரட்சியெனப்பட்டவை இன்று அரும்பொருட்சாலைகளில் அமைதியாக நிற்கின்றன. நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் ஈடுபட்ட எனக்கு, அவற்றினும் அவ்வகுப்பறையே பெரிதாகத் தோன்றுகின்றது. தம் விடையை ஒப்புவிக்கும் மாணவரை உருவாக்குதல் எளிது. தம் விடையையே மறுத்துரைக்கும் மாணவர் தோன்றுவது, கேள்வியைக் கற்பித்த இடத்திலேதான்.