உங்களுக்குத் தெரியுமா? முதுமையும் பருப்பின் புரதமும்

முதுமையில் தசையின் அளவும் வலிமையும் படிப்படியாகக் குறையும் நிலை ‘சார்கோபீனியா’ எனப்படுகிறது. உண்ட புரதத்தைக் கொண்டு தசையைக் கட்டும் ஆற்றல் அவ்வயதில் மந்தமாகிவிடுவதால், 65 வயதைக் கடந்தோர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பெற வேண்டும் என 2013இல் வெளியான ‘புராட்-ஏஜ்’ வல்லுநர் குழுவின் அறிக்கை பரிந்துரைத்தது. புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களுள் மெத்தியோனின் பருப்பிலும் லைசின் அரிசியிலும் குறைவாக உள்ளன. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் இட்லியும் வெண்பொங்கலும் சிறந்த சேர்க்கைகளே, எனினும் முதியோரின் தட்டில் சோறு மிகுந்து பருப்பு பெயரளவில் நின்றுவிடுவது உண்மையிலேயே கவலைக்குரியது. உலர்ந்த பாசிப்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராமும் சோயாவில் ஏறத்தாழ 36 கிராமும் புரதம் உண்டு. மெல்ல இயலாதோர்க்குப் பருப்பைக் குழைய வேகவைத்தும் சுண்டலை மசித்தும் தரலாம். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே புரதத்தைக் கூட்ட வேண்டும்.