குழி விழுந்த மார்பு

சில சிறுவர்களுக்கு மார்பின் நடுவே, கிண்ணத்தை வைத்து அழுத்தினாற்போல், குழி விழுந்திருக்கும். பெரும்பாலோருக்கு இதனால் கேடு ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றக் கூச்சப்படுவதோடு சரி. குழி மிக ஆழமாகிவிட்டாலோ, உள்ளே அழுந்திய மாரெலும்பு ஹிருதயத்தை நெருக்கி இடப்புறம் தள்ளிவிடுகிறது. பிள்ளைக்கு ஓடி விளையாட மூச்சுப் போதுவதில்லை.

முன்பெல்லாம் மார்பைத் திறந்து, கோணிய குருத்தெலும்புகளை வெட்டி எடுப்பார்கள். அமெரிக்காவில், வர்ஜீனியா மாகாணத்து நார்போக் நகரில், டொனால்டு நஸ் என்ற ரண வைத்தியர் 1987-ல் வேறு வழி கண்டார். இளங் குருத்தெலும்பு வளையக் கூடியதாயிற்றே, வெட்டுவானேன்? இரு விலாவிலும் சிறு துவாரமிட்டு, வில் போல் வளைத்த எஃகுப் பட்டையை மாரெலும்புக்கு அடியில் நுழைத்துப் புரட்டினார். குழி மேலெழும்பியது! சில வருஷங்கள் கழித்துப் பட்டையை எடுத்துவிடலாம்.

கேட்பதற்குச் சுலபந்தான். ஆனால் அந்தப் பட்டைக்கு மேலே எலும்பு, கீழே துடிக்கும் ஹிருதயம். இடையே மிகக் குறுகிய சந்து. ஹிருதயத்தில் காயம் பட்டு உயிர் போனதும் அபூர்வமாக உண்டு.

1895-ல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே வெறும் நிழல். எலும்பும் ஹிருதயமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்குமேயன்றி, இடைவெளி எவ்வளவு என்று நேர்முகமாக எடுத்த படம் சொல்லாது. 1971-ல் இங்கிலாந்தில் ஹௌன்ஸ்பீல்டின் ஸி.டி. யந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. வாழைக்காயைச் சீவுவதுபோல், கத்தியின்றியே சரீரத்தைச் சீவல் சீவலாகக் காட்டும் யந்திரம் அது. இன்று கம்ப்யூட்டர் அச்சீவல்களை அடுக்கி, மார்புக் கூடு முழுவதையும் திரையில் நிறுத்துகிறது. வைத்தியர் அதை எப்பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். குழியின் அடி எங்கே, மாரெலும்பு ஒரு பக்கம் திருகியிருக்கிறதா, பட்டை எந்த விலா இடுக்கில் நுழைய வேண்டும், ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதெல்லாம் கத்தி எடுக்குமுன்பே தீர்மானமாகிறது. சில இடங்களில் கூட்டைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அதற்கேற்பப் பட்டையை வளைத்துத் தயாராக வைக்கிறார்கள்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. மார்பின் உள் அகலத்தை, மாரெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். சாதாரணமாக 2.5 போல் வரும், 3.25-க்கு மேற்பட்டால் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்பது ஹாலர் என்பவர் 1987-ல் வகுத்த முறை. இந்த எண்ணை மட்டும் நம்பிக் கத்தி எடுப்பது புத்திசாலித்தனமல்ல. மூச்சை இழுத்துப் பிடித்தால் ஓர் எண், விட்டால் அதைவிடப் பெரிய எண்!

ஸி.டி. கதிர் வளரும் பிள்ளைகளுக்கு வீணாகப் படக்கூடாது; ஆகையால் அளவைக் குறைத்தே செலுத்துகிறார்கள். ஒளியினால் மேற்பரப்பை அளக்கும் கருவிக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் தோலுக்குள் இருக்கும் ஹிருதயம் அதற்குப் புலப்படாது. கதிரில்லாத காந்தப் படம் உள்ளேயும் காட்டும். அதற்குச் சிறுவன் வெகு நேரம் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.