மாரி குடியிருக்கும் மண்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே இருக்கிறது றொசல்ல. மாசி வெயிலில் அங்குள்ள தேயிலை மலையொன்றில் ஏறி, மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல்மண் பொரிந்து கிடக்கும். சருகை விலக்கி விரலை ஆழ விட்டால் குளிர்ச்சி தட்டும். லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீர் மெலிந்திருக்கும்; ஆனாலும் விழுந்துகொண்டிருக்கும். வைகாசி முதல் கார்த்திகை வரை கொட்டிய மழையை மலை இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

களிமண் துகள்களுக்கிடையே மயிரிழைத் துளைகள் உண்டு. அவற்றில் ஒட்டிய நீரைப் பூமி இழுத்தாலும் இறக்க முடியாது. தேயிலையின் மெல்லிய வேர் இழுத்தால் ஏறி வந்துவிடும். யார் வகுத்த கணக்கு இது!

உலகிலுள்ள தண்ணீரில் மண்ணீரத்தின் பங்கு ஏறக்குறைய லட்சத்தில் ஒன்றுதான். அந்தத் துளியின் வேலையோ பெரிது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக உறிஞ்சும் வெப்பம், அதே நீரைத் தேநீருக்குக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல ஏழு மடங்கு. மண் ஈரமாயிருந்தால் வெயிலின் சூட்டில் பெரும்பங்கு இந்த வேலைக்கே போய்விடும். மேலெழுந்த ஆவி வேறெங்கோ முகிலாகும். மண் காய்ந்தால் அதே சூடு காற்றில் ஏறும். சுட்ட காற்று மண்ணை மேலும் உலர்த்தும்.

நாளைய காலநிலையைக் கணிப்பவர்களைத் தடுமாற வைப்பதும் இந்த ஈரம்தான். கணினி மாதிரியில் மண் சீக்கிரம் காய்ந்தால், அது சொல்லும் வருங்கால வெயிலும் கூடிவிடும். 2004இல் பன்னிரண்டு மாதிரிகளை ஒப்பிட்டவர்கள், மண்ணீரம் மழையையே வலுவாக அசைக்கும் இடங்களாக வட அமெரிக்காவின் நடுச் சமவெளி, ஆபிரிக்காவின் சாஹெல், இந்தியா ஆகியவற்றைக் கண்டார்கள். உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீற்றர் அகலம். றொசல்லயின் நனைந்த சரிவும், ஆடிக் காற்றில் காயும் ஊவாச் சரிவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் செய்மதி உணர்வதும் மேலே 5 சென்ரிமீற்றர் ஈரத்தைத்தான். தேயிலை வேர் குடிப்பது அதற்கும் கீழே.

இந்தச் சேமிப்பைக் காப்பவர்கள் தோட்டத்து மக்கள். காட்டை அழித்துக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட நாளிலிருந்து மேல்மண் ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் மலைக்குக் குறுக்கே கான் வெட்டுகிறார்கள். முள்ளுக் குத்தி மண்ணை இளக்குகிறார்கள். கவ்வாத்து வெட்டிய வாதுகளை அங்கேயே பரப்புகிறார்கள். விறகுக்கு எடுத்தது போக மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு வாதும் ஈரத்துக்குப் போர்வை.

வெயில் காலத்துத் திருவிழாவில் மாரியம்மனுக்குக் கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குப் போகிறோம். மாரி என்றாலே மழை. குடத்தில் நிறையும் நீர் மாதங்களுக்கு முன் பெய்தது. மலை தன் வயிற்றில் வைத்திருந்து கசிய விட்டது. தப்புச் சத்தம் முழங்க, அந்தப் பழைய மழையைத்தான் தலையில் சுமந்து கோயிலுக்கு ஏறுகிறோம்.