மீள்பயன்பாட்டுக் குழுக்களும் இணைய வரைபடமும்

வேண்டாத தளபாடங்களைக் குப்பையில் எறியாது, தேவைப்படுவோருக்கு இலவசமாக வழங்கும் நோக்குடன் பிறீசைக்கிள் அமைப்பு 2003 இல் அமெரிக்காவின் டூசன் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. பிரித்தானியாவுக்கும் பரவிய இம்முயற்சியிலிருந்து 2009 இல் பல உள்ளூர்க் குழுக்கள் பிரிந்து, பிறீகிள் என்ற பெயரில் இயங்கலாயின. இவ்வாறு பெயர்கள் பெருகும்போது, தமது வீட்டுக்கு அண்மையிலுள்ள குழு எதுவென்பதே பொதுமக்களுக்குப் புரியாது போய்விடுகின்றது. பழைய அலுமாரியை எவரும் இருபது மைல் சுமந்து செல்லப்போவதில்லை.

வரைபடம் உதவுவது இங்கேதான். ஆயினும், ஊரின் நடுவே ஒரு புள்ளியை இட்டுவிட்டால் போதாது; இரு ஊர்களுக்கிடையே வசிப்பவருக்கு அப்புள்ளி எதனையும் உணர்த்துவதில்லை. ஒவ்வொரு குழுவின் எல்லையும் கோடாக வரையப்பட வேண்டும். தபால் குறியீட்டைப் பதிந்ததும் உரிய குழு தென்பட வேண்டும். அவ்வெல்லையை அறிந்தவர்கள் குழுவின் தொண்டர்களே. செயலிழந்த குழுக்களை அவ்வப்போது நீக்குவதும் அவர்களாலேயே இயலும். மின்னஞ்சலுக்குப் பதில் வராதவிடத்து, அந்த அலுமாரி பெரும்பாலும் குப்பைமேட்டையே சென்றடைகின்றது.