சொந்தக் காரோடு சர்க்யூட்டுக்குப் போகும் முன்

பந்தயம் இல்லாத நாட்களில் சர்க்யூட்டில் நம் சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கிற ஏற்பாட்டை 'டிராக் டே' என்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் சர்க்யூட் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தினமும் ஆபீஸுக்கு எடுத்துப்போகிற ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எதுவானாலும் இதற்குப் போதும். பணம் கட்டியாயிற்று, தேதியும் நெருங்குகிறது என்றால் வண்டியை எப்படித் தயார் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இன்ஜினுக்கு என்ன செய்யணும்?" ஏர் ஃபில்டர், சைலன்சர், ஈசியூ ரீமேப் என்று பேச்சு அங்கேயே சுற்றும். ஆனால் கோவைக்காரரான கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது மாருதி 800இன் இன்ஜின்தான். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் கால்வைத்தது அந்தக் காரில். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் அவர். ஓட்டக் கற்றுக்கொள்ள சின்ன இன்ஜின் ஒரு தடையே இல்லை. நம் காருக்கு முதலில் வருகிற சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது, அது பிரேக்கில். ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஓடுகிற வண்டிக்கு ஓர் ஆற்றல் இருக்கிறது. பிரேக் போடும்போது அது எங்கும் மறைந்துவிடுவதில்லை, பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். இங்கேதான் நம் உள்ளுணர்வு தவறுகிறது. சிக்னலைப் பார்த்து 60இலிருந்து பூஜ்யத்துக்கு வருவதும், சர்க்யூட்டில் 120இலிருந்து 60க்கு வருவதும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் குறைந்தது 60தானே? ஆனால் இரண்டாவதில் பிறக்கிற வெப்பம் முதலாவதைப் போல மூன்று மடங்கு.

ஆயிரம் கிலோ காருக்கு அது எவ்வளவு? சாதாரண அறைச் சூட்டில் இருக்கிற 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. டீக்கடை அடுப்பில் பல நிமிடம் பிடிக்கிற வேலையை நம் பிரேக் மூன்று நொடியில் செய்கிறது. அடுத்த வளைவில் மறுபடியும், அதற்கடுத்த வளைவில் மறுபடியும். ஊருக்குள் ஒரு பிரேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில், சக்கரத்தோடு சுழல்கிற பிரேக் டிஸ்க் ஆறிவிடும். சர்க்யூட்டில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. டிஸ்க் 400 டிகிரி தாண்டுவது அங்கே சகஜம். அதிலும் முன்சக்கரங்களுக்குத்தான் பெரும்பங்கு போகிறது, ஏனென்றால் பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது.

இந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து அதைப் பிடிக்கிற பேடுக்கும், பேடிலிருந்து அதை அழுத்துகிற பிஸ்டனுக்கும், பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கிற பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. நம் கால் கொடுக்கிற அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது அந்த ஆயில்தான். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் அதனால் அந்த வேலையைச் செய்ய முடிகிறது. அது கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழ் சுருங்கக்கூடியது. நாம் மிதிப்பதெல்லாம் குமிழைச் சுருக்குவதற்கே செலவாகி, பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

எந்தச் சூட்டில் கொதிக்கும்? பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைப் பாருங்கள். டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரிவரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரிவரையும் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். நூற்றுக்கு நாலு பங்குகூட ஈரம் சேரவேண்டாம், அதற்குள்ளேயே டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 என்று அந்தக் குறைந்தபட்ச அளவு இறங்கிவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. அதனால்தான் "என் பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்று நம்பிக்கையோடு போகிறவருக்கு நாலாவது, ஐந்தாவது சுற்றில் பெடல் கீழே போகிறது.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு. போவதற்கு ஒரு வாரம் முன்னால் மெக்கானிக்கிடம் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, சீல் உடைக்காத புது டாட் 4 ஊற்றி, நாலு சக்கரத்து பிரேக்கிலும் ஏர் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மேலே குறைந்திருப்பதை மட்டும் ஊற்றி நிரப்பினால் பலனில்லை, ஏனென்றால் சூடேறுகிற ஆயில் சக்கரத்துப் பக்கம் இருக்கிறது. டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிகான் வகை. அதை இதோடு கலக்கவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே பேடையும் பார்த்துவிடுவோம். பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மெலிந்த பேட் சூட்டைச் சீக்கிரம் ஆயிலுக்குக் கடத்திவிடும். பேடுக்கும் தாங்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிடிமானம் போய்விடும். இந்த இரண்டு கோளாறையும் காலிலேயே பிரித்தறியலாம். பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சோர்ந்துவிட்டது. எதுவானாலும் வேகத்தைக் குறைத்து வெளியே வந்துவிட வேண்டும்.

அடுத்தது டயர். பக்கச்சுவரில் உற்பத்தித் தேதி நாலு இலக்கமாக இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெடிப்போ வீக்கமோ இருந்தால் அந்த டயரோடு போகக் கூடாது. ஓட ஓட டயருக்குள் காற்று சூடாகி அழுத்தம் ஏறும். காலையில் கம்பெனி சொன்ன அளவில் பிடித்தது, ஓடி வந்தபின் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் அளந்து எழுதி வையுங்கள். வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து, கார்ப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இன்ஜின் ஆயில் மேல் கோட்டுக்கு இருக்கட்டும், ஏனென்றால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, டாஷ்போர்டுப் பிள்ளையார், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். விபத்து நடக்க, பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டுபோகிற ஒரு பாட்டில் போதும். முகம் மூடிய ஹெல்மெட், பருத்தியில் முழுக்கைச் சட்டை, முழு பேண்ட், மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டும். காப்பீட்டுத் தாளையும் ஒருமுறை படியுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரண கார் பாலிசி செல்லாது என்று அதிலேயே போட்டிருக்கும். இடித்தால் செலவு நம்முடையது என்று தெரிந்தே உள்ளே போக வேண்டும்.

அன்று காலையில் கொடி அடையாளங்களைச் சொல்லித்தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. முதல் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள், டயரும் பிரேக்கும் சூடேறட்டும். அப்புறம் நாலைந்து சுற்று. கடைசிச் சுற்றில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், காற்றில் டிஸ்க் ஆறும்படி ஓட்டி உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் பழக்கத்தில் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். போட வேண்டாம். ஹேண்ட் பிரேக் பிடிக்கிற பின்சக்கர டிரம் கொதித்துக்கொண்டிருக்கும்போது அதை ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தால் அது கோணிப்போகலாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இத்தனை அக்கறையும் பாதுகாப்புக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால்தான், இந்த வளைவில் அரை நொடி குறைந்தது எதனால் என்று நமக்கே புரியும். சீக்கிரம் பிரேக்கை விட்டதாலா, ஸ்டீயரிங்கைத் தாமதமாகத் திருப்பியதாலா என்று யோசித்து, அடுத்த சுற்றில் சரிபார்க்கலாம். பெடல் சுற்றுக்குச் சுற்று மாறினால் மாறியது நாமா வண்டியா என்று பிரித்தறிய முடியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது. இன்ஜினுக்கு என்று ஒதுக்கிய பணத்தை இந்த முதல் தடவை பிரேக் ஆயிலுக்கும் பேடுக்கும் போடுங்கள். மிச்சப் பணத்தில் இரண்டாவது டிராக் டேக்கு முன்பதிவு செய்யுங்கள்.