பனங்கனியின் நான்கு நிலைகளும் உண்ணும் முறைகளும்: ஆலந்தலைக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மா, பலா, வாழை முதலிய கனிகள் பெரும்பாலும் பழுத்த நிலையிலேயே விரும்பி உண்ணப்படுகின்றன. பனையின் கனியோ நுங்கு, பழம், தவுண், கிழங்கு என்னும் நான்கு நிலைகளில் நான்கு வேறு உணவுகளாகிறது. ஆலந்தலையை உள்ளிட்ட திருச்செந்தூர்க் கடற்கரையிலும் அதனை அடுத்த தேரி நிலத்திலும் இந்நான்கும் உண்ணப்படும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. சங்க இலக்கியம், தொல்காப்பியம் ஆகியவற்றில் இவ்வுணவுகள் பெறும் இடத்தையும் யாழ்ப்பாணத்து வழக்கையும் ஒப்பிட்டு, இவற்றுள் பனம்பழம் மட்டும் வழக்கிழந்து வருவதற்கான காரணத்தை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பனை, நுங்கு, பனம்பழம், தவுண், பனங்கிழங்கு, பனாட்டு, தேரி, ஆலந்தலை.

முன்னுரை

ஒரு நிலத்து மக்கள் விரும்பும் கனி எது என்ற வினாவிற்கு அந்நிலத்தின் மண்ணும் மழையும் பாதி விடையைத் தந்துவிடுகின்றன. எஞ்சிய பாதியை உண்ணும் முறையே தருகிறது. ஒரே கனியை ஓர் ஊரார் சுட்டும், மற்றோர் ஊரார் பிழிந்து உலர்த்தியும் உண்பர். ஓரிடத்தில் விருந்தாக இருப்பது மற்றோரிடத்தில் பொறுக்குவாரின்றிக் கிடக்கும். உணவு பற்றிய ஆய்வுகளில் சமைத்த உணவிற்குக் கிடைக்கும் கவனம் கனிகளுக்குக் கிடைப்பதில்லை. கையால் பறித்து வாயில் இடுவதற்கு முறை என்ன இருக்கிறது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். பனங்கனி இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அதனை உண்பதற்குக் கருவியும் பயிற்சியும் காத்திருப்பும் வேண்டும்.

நிலமும் மரமும்

ஆலந்தலை, திருச்செந்தூருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த பரதவர் ஊர். கடலை விட்டு மேற்கே சென்றால் செம்மணல் மேடுகளாகிய தேரி தொடங்குகிறது. நீரைத் தேக்கி வைக்காத இம்மணலில் ஆழ வேரூன்றி நிற்கவல்ல மரங்களுள் பனை முதன்மையானது. தென்மேற்கே உள்ள உடன்குடி, கருப்பட்டியால் பெயர்பெற்ற ஊர். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கடலில் மீனும் தேரியில் பனையும் என அமைந்த இப்பகுதியில் நெய்தல் மக்களின் இனிப்பு நெடுங்காலம் பனையிலிருந்தே கிடைத்தது.

பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை. மரம் பாளை விடும் வரை அது ஆணா பெண்ணா என அறிய இயலாது. அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை ஆகலாம். இரு மரங்களும் பதநீர் தரும். பெண்பனை மட்டுமே காய்க்கும். தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் ‘புல்’ என வகுக்கிறது. அவ்வகையில் பனை மரமன்று, புல்லேயாம். ஒருவித்திலைத் தாவரமாகிய பனையைப் புல்லுக்கு அருகில் வைக்கும் இன்றைய தாவரவியலும் இப்பகுப்பிலிருந்து வெகு தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் மாநில மரமாகவும் பனை விளங்குகிறது.

முதல் நிலை: நுங்கு

குரும்பை முற்றத் தொடங்கும் பருவத்தில், விதைக்குள் இருக்கும் நீர் கட்டிப்பட்டு இழுது போலாகும் நிலையே நுங்கு. பங்குனி முதல் வைகாசி வரை இதன் காலம். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். இரண்டோ ஒன்றோ உள்ள காய்களும் உண்டு.

நுங்கை உண்ணும் முறைகள் இரண்டு. காயின் தலையை அரிவாளால் சீவிக் கண்களைத் திறந்து, பெருவிரலை உள்ளே விட்டு நோண்டி அப்படியே உறிஞ்சி உண்பது ஒன்று. இதில் நுங்கோடு அதன் நீரும் சிந்தாமல் வாய்க்கு வந்து சேரும். கண்களை முழுதாகப் பெயர்த்தெடுத்துத் தோலுரித்து உண்பது மற்றொன்று. சந்தையில் விற்கப்படுவதும் நகரத்தார் அறிந்ததும் இரண்டாவது முறையே. இளநுங்கின் தோல் துவர்க்கும். அத்துவர்ப்பு வயிற்றுக்கு நல்லது என்று தோலோடு உண்பாரும் உளர். வேனிலில் தோன்றும் வேர்க்குருவின் மேல் நுங்கு நீரைத் தடவுவதும் வழக்கம்.

இப்பகுதியில் நுங்கு தனித்து உண்ணப்படுவதோடு பதநீரிலும் சேர்கிறது. பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, அதில் நுங்கையும் மாங்காய்த் துண்டுகளையும் இட்டுப் பருகுவர். பதநீரின் இனிப்பும் மாங்காயின் புளிப்பும் நுங்கின் குளிர்ச்சியும் ஓலையின் மணமும் ஒன்றுசேரும் இவ்வுணவு, கோப்பையில் ஊற்றிக் குடிக்கும்போது ஒன்றை இழந்துவிடுகிறது. உண்டபின் எஞ்சும் கூந்தல்கள் இரண்டைக் கோலில் கோத்துச் சிறுவர் நுங்கு வண்டி ஓட்டுவர். முற்றிக் கடினப்பட்ட காயைக் கடுக்காய் என ஒதுக்குவர். அதன்பின் அது பழமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நிலை: பனம்பழம்

ஆடி, ஆவணி மாதங்களில் பழம் கனிந்து தானே விழும். பறிக்க ஆள் வேண்டியதில்லை. கருநிறத் தோலுக்குள் செம்மஞ்சள் நிறச் சதை நாரோடு பின்னிக் கிடக்கும். கரோட்டினாய்டு என்னும் நிறமிகளே இந்நிறத்திற்குக் காரணம். பழத்தின் மணம் தொலைவிலேயே அறியப்படும். அதனை விரும்புவோரும் வெறுப்போரும் உண்டே தவிரப் பொருட்படுத்தாதவர் அரிது.

சதையில் இனிப்போடு சிறு கசப்பும் இருக்கும். ஃபிளபெல்லிஃபெரின் என்னும் சப்போனின் வகைப் பொருள்கள் இக்கசப்பைத் தருகின்றன. எனவே பழத்தைப் பச்சையாக உண்பதினும் சுட்டோ அவித்தோ உண்பதே பெருவழக்கு. காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்து அந்நெருப்பில் பழத்தைப் புரட்டிச் சுடுவர். தோல் கருகிப் பிரிந்ததும் கொட்டைகளைத் தனித்தனியே பிளந்து, நாரைப் பல்லால் இழுத்துச் சாற்றை உறிஞ்சுவர். அவிக்கும் முறையில், துண்டுகளாக்கிய பழத்தோடு கருப்பட்டியைச் சேர்த்துப் பாகு சதையில் இறங்கும் வரை வேகவைப்பர். இரு முறையிலும் விரைந்து உண்ண இயலாது. கைகளும் வாயும் மஞ்சளாகும்; நார் பல்லிடுக்கில் சிக்கும். ஒரு கொட்டையைச் சுவைத்து முடிக்க நெடுநேரம் ஆகும். பொழுதோடு அமர்ந்து பலர் கூடி உண்ணும் கனி இது.

மூன்றாம், நான்காம் நிலைகள்: தவுணும் கிழங்கும்

பழம் உண்டபின் கொட்டைகள் எறியப்படுவதில்லை. அவற்றைச் சேர்த்து மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடுவர். வடகிழக்குப் பருவமழையில் கொட்டை முளைத்து, முளை கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள் மாவுப்பொருள் நிறைந்த கிழங்காகிறது. இது மார்கழி, தை மாதங்களில் அகழப்படும். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, தோலுரித்து, நடுவில் உள்ள ஈர்க்குப் போன்ற தண்டை நீக்கி உண்பர். தென்மாவட்டங்களின் பொங்கல் படையலில் கரும்போடு பனங்கிழங்கும் இடம்பெறும்.

கிழங்கை அகழும்போது கொட்டையும் கிடைக்கும். அதனை வெட்டினால் உள்ளே பஞ்சு போன்ற, மெல்லிய இனிப்புடைய பகுதி இருக்கும், இதுவே தவுண். ஈழத்தில் இது பூரான் எனப்படும். முளைக்கு உணவை உறிஞ்சித் தரும் வித்திலைப் பகுதி இது. நுங்காக இருந்து, முற்றிக் கல்லாகி, மீண்டும் மென்மையாகும் கொட்டையின் கடைசி உணவு தவுண் எனலாம். இது சந்தைக்குப் பெரிதும் வருவதில்லை. பாத்தியின் அருகே காத்திருக்கும் சிறுவர்க்கே உரியது.

சங்க இலக்கியச் சான்றுகள்

இந்நிலைகளுள் மூன்றைப் புறநானூற்றின் 225ஆம் பாடல் ஒருசேரக் கூறுகிறது. ஆலத்தூர் கிழார் சோழன் நலங்கிள்ளியின் படைப்பெருக்கத்தைச் சொல்லும்போது, ஒரு வழியில் முன்னே செல்வோர் நுங்கையும், இடையே வருவோர் கனிந்த பழத்தையும், கடைசியில் வருவோர் சுட்ட கிழங்கையும் உண்டனர் என்கிறார். இதன் நயம் பனையின் பருவங்களை அறிந்தவர்க்கே முழுமையாக விளங்கும். நுங்குக் காலமாகிய சித்திரைக்கும் கிழங்குக் காலமாகிய தைக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் உள்ளன. படை ஓரிடத்தைக் கடக்க அத்தனை காலம் ஆயிற்று என்பதே புலவர் கருதிய உயர்வு நவிற்சி. எண்ணிக்கை எதுவும் கூறாமல் உணவால் காலத்தையும், காலத்தால் படையின் அளவையும் உணர்த்துகிறார். கிழங்கு அங்குச் சுடப்படுகிறது. இன்று அவிப்பதே மிகுதி.

புறநானூற்றின் 24ஆம் பாடலில் மாங்குடி கிழார், பரதவர் வாழும் கடற்கரையைப் பாடும்போது, பனங்குரும்பை நீர், கருப்பஞ்சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து பருகிக் கடலில் பாய்ந்து ஆடுவதைக் காட்டுகிறார். இன்று பதநீரில் நுங்கும் மாங்காயும் கலந்து பருகுவதும் கலவைச் சுவையை நாடும் அதே நெய்தல் விருப்பத்தைச் சார்ந்ததே. குறுந்தொகை 293ஆம் பாடல், கள்ளுண்ணச் சென்றவர் திரும்பும்போது நுங்கைக் கொண்டுவருவதைக் கூறுகிறது. வெளியே சென்றவர் வீட்டிற்குக் கொண்டுவரும் பொருளாக நுங்கு அன்றே இருந்துள்ளது.

பனாட்டு: ஒரு சொல்லும் ஒரு வழக்கும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியல், பனை என்னும் சொல்லுக்கெனத் தனி விதிகள் வகுத்துள்ளது. ஈற்று ஐகாரம் கெட்டு அம் சாரியை பெறுவதால் பனங்காய் என்றாகும். பனையின் முன் ‘அட்டு’ என்னும் சொல் வரும்போது ஐகாரம் கெட்டு ஆகாரம் தோன்றிப் ‘பனாஅட்டு’ என்றாகும். ஒரு சொற்சேர்க்கைக்காக ஒரு நூற்பா அமைந்துள்ளமை அச்சொல் பெருவழக்கில் இருந்ததைக் காட்டும். விதி சொல்லின் வடிவத்தை மட்டுமே கூறுகிறது. பொருளின் செய்முறையைக் கூறவில்லை.

இச்சொல் இன்றும் உயிரோடு வழங்குவது யாழ்ப்பாணத்தில். அங்குப் பழச்சதையை நீர் விட்டுப் பிசைந்து நாரை நீக்கி, கூழைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்துவர். காய்ந்ததன் மேல் மீண்டும் ஊற்றிப் பல அடுக்குகளாக்கிய தகடே பனாட்டு. அதனைப் பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. சதையோடு மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். கிழங்கை உலர்த்தினால் ஒடியல். அதன் மாவில் மீனும் நண்டும் சேர்ந்த ஒடியற் கூழ் ஆக்கப்படும். வங்காளத்திலும் கிருஷ்ண ஜயந்தியை ஒட்டிப் பனம்பழச் சதையால் வடை போன்ற பண்டம் செய்யப்படுகிறது. இவ்விடங்களில் பழத்தைச் சேமிக்கவும் பண்டமாக்கவும் முறைகள் வேரூன்றின. தூத்துக்குடிக் கரையில் பழம் விழுந்த நாளிலேயே சுட்டோ அவித்தோ உண்ணப்படும் கனியாகவே நின்றது.

பனம்பழம் வழக்கிழப்பதன் காரணம்

பனையின் உணவுகள் ஒன்றையொன்று தடுப்பவை. பாளையைக் கடிப்பால் நசுக்கிச் சீவிப் பதநீர் இறக்கினால் அப்பாளை காய்க்காது. நுங்கை வெட்டினால் பழம் இல்லை. பழம் இல்லையேல் கொட்டையும், தவுணும், கிழங்கும், நாளைய கன்றும் இல்லை. எனவே ஒரு மரத்தில் எதை உண்பது என்பது எதை விட்டுக்கொடுப்பது என்பதும் ஆகும்.

பதநீருக்கும் நுங்குக்கும் பனையேறுவோர் வேண்டும். உயிருக்கு அச்சம் தரும் இத்தொழிலில் ஈடுபடுவோர் குறைந்து வருகின்றனர். இதனால் ஏறப்படாத மரங்களில் பழம் மிகுதல் இயல்பு. ஆயினும் பழத்தை உண்போர் பெருகவில்லை. நுங்குக்குச் சாலையோரச் சந்தையும் கிழங்குக்குப் பொங்கலும் உள்ளன; பழத்திற்கு இரண்டும் இல்லை. அதன் மணம் மூடிய அறைக்கும், அதன் நார் விரைந்த உணவுக்கும் ஒவ்வாதவை. சுடுவதற்கு முற்றமும் கூடியுண்ண ஆட்களும் தேவைப்படும் கனி, அவை குறையும்போது தானும் பின்வாங்குகிறது. பயன் தராத மரம் செங்கற்சூளைக்கு விறகாவது எளிது.

தமிழக அரசு 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனை விதைகளையும் 1 இலட்சம் கன்றுகளையும் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் எனவும் அறிவிக்கப்பட்டது. இவை மரத்தைக் காக்கும் முயற்சிகள். இன்று ஊன்றப்படும் விதை காய்க்கும்போது, அதன் பழத்தைச் சுட்டு உண்ணத் தெரிந்த தலைமுறை இருக்குமா என்பது வேறு வினா.

முடிவுரை

பனங்கனி ஓராண்டின் முக்கால் பகுதிக்கு வெவ்வேறு வடிவில் உணவாகிறது. அந்நிலைகளைப் பற்றிய அறிவு சங்கப் புலவர்க்கு ஒரு படையின் அளவை உணர்த்தும் கருவியாகவே பயன்பட்டது. இன்று அச்சங்கிலியில் நலிந்து நிற்பது நடுக்கண்ணியாகிய பழமே. நுங்கும் கிழங்கும் விற்பனைப் பொருள்களாக நிலைக்கக்கூடும். ஆனால் கிழங்கிற்கும் கன்றிற்கும் பழமே மூலம். யாழ்ப்பாணத்துப் பனாட்டு முறையைத் தென்தமிழகக் கடற்கரையும் மேற்கொள்ளுமாயின், வீணாகும் பழம் சேமிப்புணவாகும். தொல்காப்பியம் விதி வகுத்த ஒரு சொல்லும் இக்கரையில் மீண்டும் வழக்கிற்கு வரும். சுட்ட பழத்தை நாரோடு சுவைக்கும் முறையை அறிந்த முதியோர் இருக்கும்போதே, ஆலந்தலை முதலிய ஊர்களில் அம்முறைகளையும் அவற்றுக்குரிய சொற்களையும் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.