உங்களுக்குத் தெரியுமா? நிழலில் ஒரு ஊசிக்காரி

கருணைக்கிழங்கு நாக்கில் காறும் என்பது தோட்டப்புற அடுப்படிகளுக்குப் பழகிய சங்கதி. அதனால்தான் புளி விட்டு வேகவைக்கிறோம். அதன் காட்டு உறவு ஒன்று மலேசியாவின் பேராக் காடுகளில் மர நிழலில் வளர்கிறது: அமோர்ஃபோஃபாலஸ் பிரைனி. 1893இல் தாவரவியலாளர் ஹூக்கர் வைத்த பெயர். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய டேவிட் பிரைனைச் சிறப்பிக்க.

முள் இல்லை. ஆனால், திசுக்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்த வாயில் அவை தைத்து எரிச்சலூட்டும். பூவோ நேரெதிர், பூச்சிகளை நாற்றம் காட்டி வரவேற்கும்! அமோர்ஃபோஃபாலஸ் பேரினத்தின் பெரிய செடிகளில் இலைக்காம்பின் வெளிர்திட்டுகள் பாசி படர்ந்த அடிமரம்போல் தோன்றி, விலங்குகளை மோதாமல் விலகவைக்கலாம் என்பது சில தாவரவியலாளர்களின் ஊகம்.